தூணில் இல்லாத பெயர்

அரியலூருக்கு மேற்கே ஓடையோரம் இருந்த சுண்ணாம்புக் காளவாயில் அருளானந்தத்தை எல்லோரும் உபதேசியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மாதா கோவில் வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பெயர் மட்டும் அவரை விடாமல் கூடவே வந்துவிட்டது. கல் அடுக்கவும், விறகு தள்ளவும், வெந்த கல்லைச் சரித்து எடுக்கவும் வந்த ஆட்களில் கடுதாசி படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நிழலில் இருந்த மனிதர் இந்த அனலுக்கு ஏன் வந்தார் என்று ஆரம்பத்தில் கேட்டார்கள்.

"ஒரே புள்ள. ஆத்தோட போயிட்டா. அந்த ஊர்ல இருக்க மனசு ஒப்பல."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பிள்ளை போனது மெய். மனசு ஒப்பவில்லை என்பதும் மெய். ஆனால் ஊரை விட்டது அதனால் அல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, ஐப்பசி மாதம். நெல்லும் துணியும் கட்டுப்பாட்டில் இருந்த காலம். ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையில் இருந்த அந்தச் சிற்றூரில் உபதேசியார் வீட்டிலும் ஒரு வேளைக் கஞ்சிதான். அக்கரையில் ஒரு மிராசுதார் நடவுக்கு நெல்லாகவே கூலி அளந்தார். இக்கரைப் பெண்கள் விடியும்போது ஓடம் ஏறிப் போய், பொழுது சாயத் திரும்புவார்கள். அருளானந்தத்தின் மகள் விண்ணரசியும் போனாள். பதினைந்து வயது. அவளுடைய கூட்டாளி மலர்கொடியும் போனாள். கீழத்தெரு மாயவனுக்கும் ஆண்டாயிக்கும் அவளும் ஒரே பெண்தான்.

மேற்கே எங்கோ பெய்த மழைக்கு ஆறு ஒரு மாலையில் திடீரென்று பெருகியது. ஓடம் நடு ஆற்றில் கவிழ்ந்தது. முப்பத்தொரு பேரில் எட்டுப் பேர் கரையேறினார்கள். மீதி இருபத்து மூன்று பேரில், நாலு நாள் தேடியதில் இருபத்திரண்டு உடல்கள் கிடைத்தன. கிடைக்காதது மலர்கொடி என்று மணியக்காரர் எழுதிக்கொண்டார்.

அப்படி எழுதவைத்தவர் அருளானந்தம்.

ஐந்து வருஷம் கழித்து, நாற்பத்தெட்டு ஆடியில், அந்த ஓடத்துறையில் ஒரு கல் தூண் நட்டார்கள். மிராசுதாரின் மகன் தன் செலவில் செய்தது. செத்தவர்கள் பெயரெல்லாம் அதில் வெட்டியிருக்கிறது என்று, சுண்ணாம்பு ஏற்ற வந்த வண்டிக்காரன் அரியமுத்து சொன்னான். "ஒங்க மவ பேரு நாலாவதா இருக்கு உபதேசியாரே. நல்ல எழுத்து, ஆழமா வெட்டியிருக்கான்." அவன் அதை வாசலில் நின்று சொன்னதால் மனைவி சவரியம்மாள் காதிலும் விழுந்துவிட்டது.

ஐந்து வருஷமாக ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் அவருக்குக் காய்ச்சல். ஒரு வருஷம் மழை. ஒரு வருஷம் பஸ் ஓடவில்லை. இந்த வருஷமும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"காளவாய்ல தீ ஏத்தியிருக்கு சவரி. பாதியில விட்டுட்டு வரமுடியாது."

"எரியட்டும். தீக்கு நீங்க பக்கத்துல ஒக்காந்து தாலாட்டா பாடணும்? நீங்க வராட்டிப் போங்க. நான் நடந்தே போறேன். வழியில செத்தா அங்கியே பொதைச்சுடச் சொல்லுங்க, எம்புள்ள பக்கத்துல."

அவர் தீயைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளை ஏற்பாடு செய்தார்.

நாற்பத்தெட்டாம் வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி விடியற்காலையில் இருவரும் புறப்பட்டார்கள். சவரியம்மாள் மடியில் ஒரு துணிப்பை. அதில் ஆறு மெழுகுவர்த்தி, ஒரு பொட்டலம் சாம்பிராணி, வாழையிலையில் சுற்றிய செவ்வந்திப் பூ. அருளானந்தம் கையில் ஒரு மண்ணெண்ணெய் டின். அதற்குள் அவரே பொறுக்கி எடுத்த சுட்ட கற்கள், மூன்று படி இருக்கும். கல்லறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால் மூடியைச் சணல் கட்டி இறுக்கியிருந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் டின்னைத் தட்டிப் பார்த்தார். "என்ன பெரியவரே, உள்ள?"

"சுண்ணாம்பு."

"இவ்வளவு சுண்ணாம்பா? வெத்தலை எந்த பஸ்ல வருது?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். சவரியம்மாள் திரும்பி, "கல்லறைக்குங்க" என்றாள். அதன்பின் கண்டக்டர் டின்னைத் தானே எடுத்துத் தன் இருக்கைக்குக் கீழே, மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

திருமானூரில் இறங்கிக் கொள்ளிடக் கரையோடு கிழக்கே நடந்தார்கள். ஆறு கலங்கலாக, அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. சவரியம்மாள் முன்னே நடந்தாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. அன்றைக்கு அது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இந்தாங்க, அன்னிக்கு அவளுக்கு என்ன பாட்டுப் படிச்சீங்க, பொதைக்கிறப்ப? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. சாமியார் வந்தது தெரியும். மண்ணு போட்டது தெரியும்."

"வழக்கமாப் படிக்கிறதுதான்."

"உத்தரியம் கழுத்துல இருந்துச்சுன்னு நீங்க வந்து சொன்னது மட்டும் அப்படியே இருக்கு. அதுக்கப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

அவர் டின்னை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

உத்தரியம் என்பது பழுப்புக் கம்பளித் துணியில் இரண்டு சிறு துண்டுகள். நாடாவில் கோத்து, ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலும் படும்படி கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அதை அணிந்தபடி சாகிறவர்களை நரக நெருப்புத் தீண்டாது, அது மாதா கொடுத்த வாக்கு என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அருளானந்தமேதான். மகளுடைய உத்தரியத்தின் மூலையில் சவரியம்மாள் நீல நூலால் ஒரு சிலுவை தைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் நாணலில் சிக்கிக் கிடந்த ஓர் உடலைத் தூக்கி வந்து கரையில் கிடத்தினார்கள். முகம் முகமாக இல்லை. சேலையை வைத்தும் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டுக் கடையில் கொடுத்த ஒரே கரைச் சேலையைத்தான் ஊரில் பாதிப் பெண்கள் கட்டியிருந்தார்கள். கழுத்தில் உத்தரியம் இருந்தது. மூலையில் நீலச் சிலுவை. "எம்மவதான்" என்றார் அருளானந்தம். மணியக்காரர் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் சொன்னது பொய் இல்லை.

பெட்டியில் வைக்கும்போது பாயிலிருந்து இடது கை நழுவி வெளியே வந்தது. முழங்கைக்குக் கீழே, வெளிறி ஊறிய தோலுக்குள், பச்சை குத்தியிருந்தது. ஐந்து புள்ளிக் கோலம். கடைசிப் புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி இருந்தது. வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பச்சை குத்துகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

அப்போதுதான் அவருக்குப் போன வாரம் ஞாபகம் வந்தது. விண்ணரசி கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அப்பா, மலருக்கு ஓடத்துல ஏறுறதுன்னா கை காலெல்லாம் நடுங்குது. என் உத்தரியத்த அவளுக்குக் குடுத்தா ஆவாதா?" அவர் உபதேசியார். உபதேசியார் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "ஞானஸ்நானம் வாங்காதவங்க போடக்கூடாது. அது வெளையாட்டுச் சாமான் இல்ல."

கை வெளியே கிடந்தது. கோவில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சாமியார் கறுப்பு உடுப்போடு வாசலில் நின்றார். மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்த சவரியம்மாள், உத்தரியம் இருந்தது என்று கேட்டபின்தான் அடங்கிப் படுத்திருந்தாள். அருளானந்தம் அந்தக் கையை எடுத்துப் பாய்க்குள் வைத்தார். மூடியை அவரே சாத்தினார். மந்திரித்த மண்ணில், மாயவன் மகளை, தன் மகள் பெயரால் புதைத்தார்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவேயில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாம் கற்பனை வரும்போதெல்லாம் பிள்ளைகள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்ல வேண்டிவரும், சொன்னால் சாமியார் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லச் சொல்வார். அதனால் அதற்கும் போகவில்லை. ஐந்து வருஷமாகப் பூசையில் நன்மை, அந்த நற்கருணை அப்பம், வாங்கவில்லை. "மனுசன் துக்கத்துல சாமியோட கோவிச்சுக்கிட்டாரு" என்று சவரியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

உச்சிப்பொழுதுக்குத் துறைக்கு வந்தார்கள். தூண் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. அடியில் செங்கல் மேடை. பழைய ஓடத்துறைப் புளியமரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. மற்ற வேதக்காரர்கள் காலையிலேயே கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்க வேண்டும். அக்கரை வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடம் ஒன்று அங்கே கட்டிக் கிடந்தது.

சவரியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. "எதுங்க?" என்றாள். அவர் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து நாலாவது வரியில் வைத்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். கடைசி எழுத்தின் வளைவில் விரலைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனாள். பிறகு அந்த இடத்தில் உதட்டை வைத்தாள். கல் வெயிலில் சுட்டிருக்கும். அவள் தலையை எடுக்கவில்லை.

அருளானந்தம் கல்லின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

"உபதேசியாரே, நீங்கதானா?"

கரை மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. கிட்ட வந்த பிறகுதான் ஆண்டாயி என்று அடையாளம் தெரிந்தது. ஐந்து வருஷத்தில் அவள் பாதியாகியிருந்தாள்.

"எத்தினி நாளாச்சு! வேதக்காரவுங்க நாளாச்சே, யாராவது படிச்சவுங்க வருவாங்கன்னு காலையிலேருந்து பாக்குறேன். சவரியக்கா, நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூணைக் காட்டினாள். "இத எனக்குப் படிச்சுச் சொல்லணும். எம்மவ பேரு இருக்கா, இல்லையா? ஊருல எவனக் கேட்டாலும் இல்லங்குறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான். ஒருத்தன், 'ஆத்தோட போனவளுக்குத்தான் கல்லு, ஆளோட போனவளுக்கு எதுக்கு?'ன்னு கேட்டான். நான் தொடப்பத்த எடுத்தேன், ஓடிட்டான். நீங்க படிங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்க."

"மாயவன் எங்க, ஆண்டாயி?" என்றார் அருளானந்தம்.

"ஒங்களுக்குத் தெரியாதா? அது சரி, அரியலூருக்கு யாரு வந்து சொல்லப்போறா." அவள் மேடையில் உட்கார்ந்தாள். "எல்லாப் பொணமும் கெடச்சுச்சு, இவ பொணம் மட்டும் கெடைக்கல. ஊரு வாய மூட ஒலமூடி ஏது? ஓடத்துலயே ஏறல, அக்கரையில எவனோடயோ போயிட்டான்னு கெளப்பிவிட்டாங்க. கரையேறின எட்டுப் பேருல ஒருத்தி பாத்தேங்குறா, இன்னொருத்தி பாக்கலேங்குறா. இவரு என்ன சொன்னாருன்னா, 'போனா போயிட்டுப் போறா, உசுரோட இருந்தாச் சரி'ன்னாரு. சொல்லிட்டுத் தேட ஆரம்பிச்சுட்டாரு. கும்மாணத்துல மாமாங்கக் கூட்டத்துல ஒவ்வொரு பொண்ணு மூஞ்சியா எட்டிப் பாத்து, அடி வாங்கிக்கிட்டு வந்தாரு. பொறவு நாகப்பட்டணத்துல மீன் விக்கிற பொம்பளைங்களோட பாத்தேன்னு எவனோ சொன்னான். போனாரு. அங்க சத்திரத்துல பேதி வந்து கெடந்து, மூணாம் நாளு... ரெண்டு வருசம் ஆச்சு. எனக்குத் தாக்கல் வந்து நான் போறப்ப பொதைச்ச எடத்தைக்கூட ஒருத்தரும் காட்டல."

சவரியம்மாள், "ஐயோ, ஆண்டாயி" என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத வுடுக்கா. போனவரு போயிட்டாரு." ஆண்டாயி அருளானந்தத்தைப் பார்த்தாள். "போன மாசம் இன்னொருத்தன் அதே நாகப்பட்டணத்துல பாத்தேங்குறான். கையில கொழந்தையாம். நாளைக்குக் கெளம்புறேன். கட்டுச்சோறுக்கு அரிசி ஊறப் போட்டுட்டேன். அதான் போறதுக்கு முந்தி கேட்டுக்கலாம்னு. பேரு இருந்தா இங்கியே ஒக்காந்து அழுதுட்டு வூட்டுக்குப் போறேன். இல்லேன்னா எம்புள்ள உசுரோட இருக்கா, போயித் தேடுறேன். ரெண்டுல ஒண்ணு. படிங்க."

அருளானந்தம் தூணுக்கு முன்னால் வந்து நின்றார். கோவிலில் வாசகம் படிக்கிற அதே குரலில் தொடங்கினார். "பஞ்சவர்ணம். ரத்தினம்மாள். புஷ்பவல்லி." நாலாவதில் நின்றார். சவரியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். மகள் பெயரைச் சொல்ல முடியாமல் நிற்கிறார் என்று நினைத்தாள். "விண்ணரசி" என்று அவளே சொன்னாள். அவர் ஐந்தாவதுக்குப் போனார். இருபத்திரண்டாவது வரைக்கும் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டாயியின் வாய் லேசாகத் திறந்து மூடியது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஆண்டாயி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. "அப்ப நாகப்பட்டணம்தான்" என்றாள். "நான் வரேங்க. வரேன்க்கா."

பத்து எட்டு நடந்திருப்பாள்.

"ஆண்டாயி, போவாத" என்றார் அருளானந்தம். "மலர்கொடி இங்கதான் இருக்கா."

அவள் திரும்பினாள்.

"எங்க கல்லறைத் தோட்டத்துல. மேல ஓரத்துல, சிலுவை வச்சு. நான்தான் பொதைச்சேன்."

ஒருவருக்கும் புரியவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்திருந்தது. உத்தரியத்தைச் சொன்னார். பாயிலிருந்து நழுவிய கையைச் சொன்னார். மணி அடித்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் ஆண்டாயியைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவியின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

"எந்தக் கை?" என்றாள் ஆண்டாயி.

"எடது கை."

"என்ன பச்சை?"

"அஞ்சு புள்ளிக் கோலம். கடைசிப் புள்ளி தள்ளிப் போயிருந்துச்சு."

"கைய வெடுக்குன்னு இழுத்துட்டா" என்றாள் ஆண்டாயி. "குறத்தி குத்துறப்ப. வலிக்குதும்மான்னு இழுத்துட்டா. நான் முதுகுல ஒண்ணு வச்சேன்." அவளுடைய கை தானாக எழுந்து காற்றில் ஓர் அடி அடித்தது. பிறகு இரண்டு எட்டில் கிட்ட வந்து, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் முகத்தில் எறிந்தாள். இன்னொரு பிடி. "அரை மைல்! அரை மைல்ல வச்சுக்கிட்டு அவர நாகப்பட்டணத்துல தேடவிட்டியேடா! மாமாங்கத்துல அடி வாங்கவிட்டியே! எம்புள்ளையத் தேவடியான்னு ஊரு பேசுச்சே, காது ரெண்டும் செவிடாடா ஒனக்கு?"

அவர் கண்ணைத் துடைக்காமல் நின்றார். ஊர் பேசியது அவர் காதுக்கு வந்ததில்லை. வராத தூரத்துக்கு அவர்தான் போய் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பிடியை எடுத்தவள் எறியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "காட்டு" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் குழிகளெல்லாம் புதிதாகப் பூவும் மெழுகுமாக இருந்தன. மேல ஓரத்தில் ஒன்று மட்டும் பாசி படிந்து கிடந்தது. செங்கல்லில் கட்டிய சின்னச் சிலுவையில், கரியைப் பசையில் குழைத்து அருளானந்தம் தன் கையால் எழுதிய பெயர் மங்கிப்போய் இருந்தது. ஆண்டாயி வாசலில் ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தோட்டத்துக்குள் அவள் காலை வைத்ததில்லை. பிறகு நேராகப் போய்க் குழியின் மேல் குப்புற விழுந்தாள். அழுகை வரவில்லை. மண்ணைக் கையால் தடவிக்கொண்டே, "மலரு, எந்திரி. எந்திரிடி. வூட்டுக்குப் போவலாம்" என்று தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சவரியம்மாள் கால்மாட்டில் நின்றாள். பையிலிருந்து பூவை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு குனிந்து ஆண்டாயியின் தலைமாட்டில் வைத்தாள்.

"அந்தப் பேர அழிச்சுடுங்க" என்றாள் கணவரிடம். "அது அந்தப் புள்ள எடம்."

மெழுகுவர்த்திப் பையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். அவர் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தார்.

"என் பின்னால வராதீங்க."

அவர் திரும்பி வந்தார். தோட்டத்தில் கிடந்த ஒரு சட்டியில் தண்ணீர் மொண்டு, டின்னைப் பிரித்துச் சுட்ட கற்களின்மேல் ஊற்றினார். கல் சீறி வெடித்துப் புகைந்து, தானாகவே கொதித்தது. அடங்கும்வரை காத்திருந்தார். கிடந்த பனைமட்டை ஒன்றின் நுனியைத் தூரிகைபோல் நசுக்கிச் சிலுவையில் பூசத் தொடங்கினார். ஈரச் சுண்ணாம்பு ஒன்றையும் மறைக்காது. பூசிய பிறகும் விண்ணரசி என்ற பெயர் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. காய்ந்தால்தான் வெளுக்கும். இது அவருக்குத் தெரிந்த வேலை. இரண்டாவது கை பூசிவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேகத்துக்குள்ளிருந்து வெயில் வந்தது. முதலில் ஓரத்து எழுத்து மங்கியது. பிறகு நடு எழுத்துகள். மகளுடைய பெயர் ஒவ்வொரு எழுத்தாகப் போவதை அவர் கடைசிவரை பார்த்தார்.

பிறகு பக்கத்துக் குழியில் யாரோ வைத்துப்போன தூபச்சட்டியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, மலர்கொடி என்று எழுதினார்.

"எழுதிட்டியா?" என்றாள் ஆண்டாயி, தலையைத் தூக்காமல்.

"எழுதிட்டேன். சாமியார்கிட்டயும் மணியக்காரர்கிட்டயும் இன்னிக்கே சொல்லிடுறேன்."

"தூணுல?"

"மிராசுதாரு வூட்டுல சொல்றேன். கேப்பாங்களான்னு தெரியல."

"கேக்கமாட்டாங்க" என்றாள் அவள். "நீ போ."

சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணை அங்கிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை ஆயர் ஆண்டவரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்றார். மணியக்காரர் ஐந்து வருஷத்துக் கதையை இனிமேல் யார் திருத்துவது என்று கேட்டார். அருளானந்தம் இருவரிடமும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் துறைக்கு வந்தார்.

சவரியம்மாள் தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மெழுகுவர்த்தியையும் ஈர மணலில் நட்டிருந்தாள். காற்று ஐந்தை அணைத்துவிட்டது. ஒன்றைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள். மெழுகு உருகி விரல்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் அணைந்தபின் எழுந்தாள்.

கரையோடு திருமானூருக்கு நடந்தார்கள். இப்போது அவர் முன்னே போனார். முழங்கால் வலி திரும்ப வந்திருந்ததால் அவள் நொண்டினாள். அவளுக்காக நின்றால் அவளும் நின்றாள், கிட்டே வரவில்லை. ஒன்றரை மைல் அப்படியே போனார்கள்.

"அப்ப அவ கழுத்துல ஒண்ணும் இல்ல" என்றாள் பின்னாலிருந்து. "தண்ணிக்குள்ள போறப்ப."

"இல்ல."

"அவளே கழட்டிக் குடுத்தாளா? இல்ல அந்தப் புள்ள எடுத்துக்கிச்சா?"

"அவதான் குடுத்தா. ஒரு வாரம் முந்தி என்னையக் கேட்டா, மலருக்குப் பயமா இருக்கு, குடுக்கட்டுமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சுண்ணாம்பு பட்ட விரல்கள் எரிந்துகொண்டிருந்தன. அவர் அவற்றை வேட்டியில் துடைத்தார்.

"கூடாதுன்னு சொன்னேன்."

சவரியம்மாள் நின்றுவிட்டாள். பிறகு அவரைத் தாண்டி முன்னால் நடந்தாள்.

"நல்லவேளை" என்றாள். "எம்புள்ள ஒங்க பேச்சக் கேக்கல."